மாயாவியின் கையும் டானாவின் கையும்

முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்தது. தலைப்பும் நாயகனும் ஒன்றே: இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வந்த படக்கதை அது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். பரிசோதனைக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், உடம்பில் மின்சாரம் பாயும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவான். எஃகுக் கை மட்டும் மறையாது. தமிழில் ஒரு தலைமுறையே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் படக்கதைக்குள் நுழைந்தது.

நான் பிறந்தது அதற்குப் பிறகு, சாத்தூரில். சிவகாசி எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். இருந்தாலும் அந்தப் புத்தகங்கள் எனக்குக் கிடைத்தது அப்பாவின் மளிகைக் கடையில். பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கும் பழைய தாள் கட்டுகளில் பரீட்சை நோட்டு, வாரப் பத்திரிகை, கணக்குப் பேரேடு எல்லாவற்றோடும் அட்டை கிழிந்த காமிக்ஸ்களும் வரும். அப்பா கட்டைப் பிரித்ததும் படக்கதைகளைத் தனியாக எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவைப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய் உட்காருவேன். பாதிக் கதைகளுக்கு முதல் பக்கம் இருக்காது. மீதிக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. மாயாவி எப்படித் தப்பித்திருப்பான் என்று நானே யோசித்து முடித்துக்கொள்வேன். கதை கட்டுவதில் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான்.

ஏறக்குறைய எல்லா மாயாவி கதைகளிலும் வரும் காட்சி ஒன்று உண்டு. அவன் மின் இணைப்பைத் தொடுகிறான். முதல் கட்டத்தில் முழு உருவமும் இருக்கிறது. வலியில் முகம் கோணியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் உடம்பின் கோடுகள் விட்டுவிட்டுத் தெரிகின்றன. அதற்கடுத்த கட்டத்தில் வெறும் அறை, அந்தரத்தில் ஒரு கை, கதவை நோக்கி நீளும் விரல்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை வாசகர் மனசுதான் வரைகிறது. சினிமாவில் இது தானாக ஓடிப்போகும். படக்கதையில் நாம் நின்று, திரும்பிப் பார்த்து, நம் வேகத்தில் கடக்கலாம். அந்த மட்டமான தாளில் மை கசிந்து கறுப்பு நிறம் பழுப்பாகியிருந்த நிலையிலும் பிளாஸ்கோவின் நிழல்கள் என்னைப் பயமுறுத்தின.

பக்கத்து வீட்டு அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அட்டையை வாங்கிவந்து வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவார். மைதாப் பசையின் புளித்த வாடை அந்தத் திண்ணையை விட்டு எப்போதும் போகாது. நான் காமிக்ஸை உரக்க வாசிப்பேன். அவர் கை ஒட்டிக்கொண்டே இருக்கும், காது என் பக்கம் இருக்கும். படத்தைக் காட்டச் சொன்னால் மட்டும் பசைக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். கதை விறுவிறுப்பாகப் போகும்போது ஒட்டும் வேகமும் கூடும்.

ஒரு நாள் மாயாவி ஏதோ ஒரு தீவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அக்கா சாதாரணமாகக் கேட்டார்:

“ஏ புள்ள, இந்தக் கதையில நம்மள மாதிரி ஆளுக யாருமே வரமாட்டாகளா?”

நான் அதுவரை வாசித்த புத்தகங்களை எல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். சாகச நாயகர்களான லாரன்ஸும் டேவிடும், ஜானி நீரோவும் வெள்ளைக்காரர்கள். லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய முகமூடி வீரன் காட்டில் வாழ்ந்தான். அங்கே கறுப்பு நிற மனிதர்கள் இருந்தார்கள். ஈட்டி பிடித்தார்கள், மூட்டை சுமந்தார்கள், முகமூடிக்காரனைக் கண்டால் பணிந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட தானாக ஒரு சாகசத்தைத் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. பெண்கள் கடத்தப்பட்டார்கள், காப்பாற்றப்பட்டார்கள். அக்காவிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. அதன்பின் என் வாசிப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடியே போனது.

முதல் பதில் 1984இல் வந்தது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் புதிதாகத் தொடங்கப்பட்டது. முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. மாடஸ்டி பிளைஸி யாரும் வந்து காப்பாற்றுவதற்காகக் காத்திருப்பவள் இல்லை. மற்றவர்களை அவள் காப்பாற்றினாள். சிறுவயதில் பெயரோ உறவோ இல்லாமல் அகதியாகத் திரிந்து, தன்னைத் தானே வளர்த்துக்கொண்டவள். அக்காவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய பீட்டர் ஓடோனல், 1942இல் ஈரானின் வடபகுதியில் படைவீரராக இருந்தபோது தன்னந்தனியே நடந்துபோன ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார் என்பதும், அவளுடைய நடையும் நிமிர்வும் மறக்காமல்தான் மாடஸ்டி பிறந்தாள் என்பதும் எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அக்கா வெறும் ஒரு சாகசக்காரியைப் பார்த்து மட்டும் சந்தோஷப்படவில்லை. தன்னைப் போலச் சின்ன வயதிலேயே வாழ்க்கையைக் கையில் எடுத்துக்கொண்ட ஒருத்தியை அடையாளம் கண்டுகொண்டார்.

அதே காலத்தில் பூந்தளிரும் வந்துகொண்டிருந்தது. வாண்டுமாமா ஆசிரியராக இருந்த அந்த இதழ், கபீஷ் குரங்கையும் காக்கை காளியையும் சுப்பாண்டியையும் எங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்தது. வாண்டுமாமாவின் கதைகளில் மந்திரமும் விஞ்ஞானமும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தன. குழந்தைக்கு விளங்காது என்று எதையும் அவர் ஒதுக்கியதில்லை. ‘குழந்தை எழுத்தாளர்’ என்ற பெயருக்குள் அவரை அடைத்து, அவர் கையாண்ட வரலாறு, அறிவியல், அதிபுனைவு எல்லாவற்றையும் இலக்கியப் பேச்சிலிருந்து விலக்கிவைத்தோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பிறகு ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தது. வெள்ளிக்கிழமை விகடனை முதலில் யார் பிடிப்பது என்று எங்கள் வீட்டில் பெரிய போட்டியே நடக்கும். கதை 2021இல் நடக்கிறது. குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டும். முதியவர்களின் ஆயுளுக்கும் அரசே வரம்பு கட்டுகிறது. ஜீவா என்ற தலைவரின் முகம் எங்கும் நிறைந்திருக்கிறது. அந்த உலகத்தின் நடுவே நிலா என்ற சாதாரண இல்லத்தரசியும் ஜீனோ என்ற இயந்திர நாயும் நிற்கிறார்கள். ஜீனோ புத்தகம் படிக்கும், கேள்வி கேட்கும், எஜமானரைத் தேவைப்பட்டால் திருத்தும். எதிர்காலம் என்பது லண்டனிலும் நியூயார்க்கிலும் மட்டும் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, எதிர்காலத்தில் தமிழ் பேசுகிறவர்களும் இருப்பார்கள் என்று முதலில் சொன்னது அந்தத் தொடர்தான். அக்காவிடம் ஓடிப்போய் அதைத்தான் சொன்னேன். அவர் கேட்டது வேறு: “அங்கயும் தீப்பெட்டி ஒட்டணுமா?”

அந்தக் கேள்வியில் இருந்த கூர்மை அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. எதிர்காலத்தைக் கற்பனை செய்கிற ஒவ்வொரு கதையும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பறக்கும் கார் வரட்டும். அதைத் துடைக்கிறவர் யார்? செவ்வாயில் நகரம் எழும்பட்டும். அங்கே சாக்கடை அள்ளுகிறவர் யார்? இதை யோசிக்காத விஞ்ஞானக் கதை இன்றைய ஏற்றத்தாழ்வை அப்படியே நாளைக்கு ஏற்றுமதி செய்துவிடும்.

நான் ஆசிரியையாகி, விருதுநகர் மாவட்டத்தின் கிராமப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். “டீச்சராயிட்ட, இன்னும் என்ன பொம்மைப் புத்தகம்?” என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் விடவில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போன ஒரு வருஷம், தாரா புக்ஸ் அரங்கில் ‘சுல்தானாவின் கனவு’ கையில் கிடைத்தது. வங்காளத்துப் பெண் பேகம் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய கதை. 1905இல் அது முதன்முதலில் அச்சானது எங்கே தெரியுமா? நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில். இந்தியாவின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளில் ஒன்றுக்கு மேடை கொடுத்தது, சென்னையில் ஒரு பெண் நடத்திய பெண்கள் பத்திரிகை என்பது எத்தனை தமிழ் வாசகர்களுக்குத் தெரியும்?

கதை நடக்கும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். பெண்கள் வெளியே நாட்டை நடத்துகிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்து நேரடியாக நீரை இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படையெடுத்து வந்த எதிரியை அந்த வெப்பத்தைக் கொண்டே விரட்டுகிறது. எனக்குப் பிடித்த இடம் அதுவல்ல. அந்த நாட்டின் சமையலறைதான். அங்கே புகை இல்லை, கரி இல்லை. சூரிய வெப்பத்திலேயே சமையல் நடக்கிறது. ரொக்கேயா அதை எழுதி நூறு வருஷம் ஆன பிறகும் என் மாணவிகள் பலர் காலையில் விறகுப் புகையில் கண் எரிந்துதான் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பகுதியைத் தமிழில் சொன்னபோது வகுப்பு அப்படியே உறைந்துபோய்க் கேட்டது.

அந்தப் பதிப்புக்குப் படம் வரைந்தவர் துர்காபாய் வியாம், மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வீட்டுத் தரையிலும் சுவரிலும் போடும் திக்னா கோலத்தைப் பாட்டியிடம் கற்றவர். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும் கணவர் சுபாஷ் வியாமும் சேர்ந்து வரைந்த ‘பீமாயணம்’ 2011இல் நவயானா வெளியீடாக வந்தது, தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் படக்கதை அது.

அந்தப் புத்தகத்தை வகுப்பில் நடுவில் விரித்துவைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் படித்தோம். அதில் சதுரக் கட்டங்கள் கிடையாது. மனிதர்களை அப்படிக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று ஓவியர்கள் முடிவெடுத்திருந்தார்கள். பக்கம் முழுக்கத் திக்னா கோடுகள் வளைந்தோடி, காட்சியைக் காட்சியிலிருந்து பிரிக்கின்றன. ரயில் பாம்பாக நெளிகிறது. சிறுவன் பீமும் உடன்பிறந்தாரும் 1901இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். சாதி தெரிந்ததும் வண்டிக்காரர் கூட உட்கார மறுக்கிறார். வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கவில்லை. நான் சொல்வதற்கு முன்பே ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான்: “டீச்சர், இவுக பேசுறதுக்குத் தேள் கொடுக்கு இருக்கு!” ஆமாம். நஞ்சு கக்கும் பேச்சுக்குப் பேச்சுக் குமிழில் தேளின் கொடுக்கு வரையப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் பேச்சு பறவை வடிவில் இருக்கிறது. மனசுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். அன்று மதியம் முழுக்கப் பிள்ளைகள் தங்கள் ஊரில் கேட்ட பேச்சுகளை நோட்டில் எழுதி, எதற்குக் கொடுக்கு, எதற்குச் சிறகு என்று வரைந்துகொண்டிருந்தார்கள். எந்தத் தேர்வுத் தாளிலும் அப்படி ஒரு பதிலை நான் பார்த்ததில்லை.

பெரியவர்களுக்கான கதைகளிலும் எனக்கு வழிகாட்டிய ஒருவர் உண்டு: ஆக்டேவியா பட்லர். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1947இல் பிறந்த கறுப்பினப் பெண். அவருடைய அம்மா வீட்டு வேலை செய்தவர். வேலை பார்த்த வீடுகளில் கழித்துப்போட்ட புத்தகங்களை மகளுக்காக எடுத்துவந்தவர். அதைப் படித்ததும் அரிசி மூட்டைக்குப் பின்னால் அப்பா போட்டுவைத்த தாள் கட்டு என் கண்முன் வந்தது. சிறுமியாக இருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு மட்டமான விண்வெளிப் படத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும் என்று எழுதத் தொடங்கியவர் பட்லர். 1995இல் மெக்கார்தர் நல்கை பெற்றார்; அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை.

அவருடைய ‘கிண்ட்ரெட்’ நாவல் 1979இல் வந்தது. 2017இல் டேமியன் டஃபியும் ஜான் ஜென்னிங்ஸும் அதைப் படக்கதையாக்கினார்கள். டானா என்ற கறுப்பின எழுத்தாளர் 1976இன் கலிஃபோர்னியாவிலிருந்து, அடிமை முறை நடப்பிலிருந்த மேரிலாந்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். அங்கே அடிமைகளை வைத்திருக்கும் வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் சாகக் கிடக்கும்போதெல்லாம் அவள் போய்க் காப்பாற்ற வேண்டும். ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் அவள் பிறக்கவே மாட்டாள். கால இயந்திரம், விஞ்ஞானி, விளக்கம் எதுவும் கிடையாது. கடைசிமுறை அவள் வீடு திரும்பும்போது இடக்கை சுவருக்குள் சிக்கிப்போகிறது. கை போய்விடுகிறது.

அந்த இடத்தைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மாயாவியை நினைத்தேன். இரண்டு பேருமே கையை இழந்தவர்கள். மாயாவிக்கு இழந்த கைக்குப் பதில் ஆயுதம் கிடைத்தது. அதைக்கொண்டு முதலில் கொள்ளையடித்தான், பின்னாளில் ‘நிழல் படை’ என்ற உளவு அமைப்பில் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றினான். டானாவுக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. அடிமை முறைக்குள் போய்வந்த ஒருத்தியை முழுசாகத் திரும்பவிட முடியாது என்பதுதான் பட்லரின் முடிவு. மாயாவியின் கை எனக்குச் சிறுவயதில் வேண்டியிருந்தது: பலவீனம் பலமாகும் என்று நம்புவதற்கு. டானாவின் கை நாற்பது வயதில் வேண்டியிருந்தது: சில இழப்புகள் சமூகத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை என்று தெரிந்துகொள்வதற்கு. இரண்டையும் எனக்குக் கொடுத்தது, பெரியவர்கள் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிற ஒரே வகை எழுத்துதான்.

வளரிளம் பருவத்துப் பெண்களுக்கு நான் அதிகம் சொன்ன கதை நெடி ஒகோராஃபோரின் ‘பின்டி’. 2015இல் வந்த குறுநாவல். ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் வென்றது. நமீபியாவின் ஹிம்பா இனத்தைச் சேர்ந்த பின்டி கணக்கில் புலி. அவள் இனத்தில் வீட்டைவிட்டு யாரும் போனதில்லை. அவள் யாருக்கும் சொல்லாமல் விண்கலம் ஏறி, வேறொரு கோளில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புகிறாள். ஹிம்பா பெண்கள் உடம்பிலும் கூந்தலிலும் பூசும் செம்மண் குழைவைக் கூடவே எடுத்துப்போகிறாள். வழியில் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். முடிவில் எதிரிகளாக வந்த வேற்றுலக உயிர்களின் காயத்தை ஆற்றுவது அந்த மண்தான். “நாம மஞ்சள் பூசுற மாதிரியா டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள். கேள்வி வந்தது வகுப்பிலேயே அதிகம் பேசாத பெண்ணிடமிருந்து. அதற்குப் பிறகு அவள் கணக்கு நோட்டின் ஓரத்தில் விண்கலங்கள் வரத் தொடங்கின.

லயனும் முத்துவும் இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. விண்மீன் மக்களுக்குப் பிறந்து வைக்கிங்குகளிடம் வளர்ந்த தோர்கலை வழவழப்பான தாளில் வண்ணத்தில் தமிழில் படிக்க முடிகிறது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தமிழ் மரபின் அறிவுத்துறைகளிலிருந்து அறிவியல் புனைவை எழுதிக் காட்டியது. ஈரானில் வளர்ந்த ஒரு சிறுமியின் கண்ணால் புரட்சியையும் போரையும் காட்டும் மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ தமிழில் உண்டு. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அக்காவின் கேள்விக்கு இப்போது என்னிடம் ஓர் அலமாரி நிறையப் பதில்கள் இருக்கின்றன.

ஆனால் அந்த அலமாரி பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. ஆகவே மூன்று தரப்பினரிடம் கேட்கிறேன். பதிப்பாளர்களே, ரொக்கேயாவையும் பட்லரையும் ஒகோராஃபோரையும் பெரிய எழுத்தில், நல்ல படங்களோடு, கிராமப் பள்ளி வாங்கக்கூடிய விலையில் தமிழில் கொண்டுவாருங்கள். தீப்பெட்டித் தொழிலாளியின் மகள் விண்வெளிக்குப் போகும் கதையைத் தமிழில் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஆசிரியர்களே, நூலகப் பீரோவைப் பூட்டிச் சாவியை மேசையில் வைக்காதீர்கள். படக்கதைகள் கிழியட்டும், கிழிந்தால் படிக்கப்பட்டது என்று பொருள். பெற்றோரே, புத்தகத் திருவிழாவில் பிள்ளை எடுக்கும் படக்கதையைத் திரும்ப வைக்கச் சொல்லாதீர்கள். வாங்கிக்கொடுங்கள். பிள்ளை படித்து முடித்ததும் நீங்களும் உட்கார்ந்து படியுங்கள்.